முள்வேலிக்குப் பின் எழுந்த தச்சுப் பட்டறை

 

பரிசளிப்பு விழா மலர் என்றால் அதில் மன்னர்களின் வரலாறு இருக்கும். தலைவர்களின் வரலாறு இருக்கும். இந்த முறை ஒரு தச்சரின் வரலாற்றைச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். அவர் படை நடத்தியவர் அல்லர். உளியையும் வாளையும் இழைப்புளியையும் நம்பி வாழ்ந்தவர். சொந்தமாக ஒரு சிறு பட்டறை வைத்தார். நாடே திரண்டு அதைப் பிடுங்கிக்கொண்டது. முள்வேலிக்குள் உட்கார்ந்து தொழிலை மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து கற்றார். வெளியே வந்து, கையில் காசில்லாத நிலையிலும், வீட்டோடு சேர்ந்த ஒரு பட்டறையைத் தம் கையாலேயே கட்டி முடித்தார்.

அவர் பெயர் ஜார்ஜ் நகாஷிமா. முன்பாதி வெள்ளைக்காரர் பெயர், பின்பாதி ஜப்பானியர் பெயர். இவருக்கு இன்னொரு பெயரும் உண்டு. சொன்னா நம்ப மாட்டீங்க! அந்தப் பெயர் சுந்தரானந்தா. அது அவருக்குக் கிடைத்தது எங்கே தெரியுமா? நம் முன்னோர் பலர் கப்பலேறிய அதே சோழமண்டலக் கரையில், புதுச்சேரியில்! அது எப்படி என்று பார்ப்போமா?

காடும் கட்டடமும்

ஜார்ஜ் நகாஷிமா 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போக்கேன் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் ஜப்பானிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த மாநிலத்தில் மலையும் அடர்ந்த காடும் அதிகம். சிறுவயதில் சாரணர் இயக்கத்தோடு மலையேறித் திரிந்தவருக்கு மரங்களின் மேல் ஓர் ஈடுபாடு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது முதலில் காட்டியலைத்தான் எடுத்தார். பிறகு கட்டடக் கலைக்கு மாறி 1929இல் பட்டம் பெற்றார். அதன்பின் அமெரிக்காவின் புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மேற்பட்டமும் பெற்றார்.

படிப்பு முடிந்ததும் என்ன வந்தது? உலகப் பொருளாதார மந்தம் வந்தது! அந்த மந்தத்தை நம் பாட்டன் பாட்டிமார்களும் அனுபவித்தார்கள். 1930க்குப் பிறகு ரப்பர் விலை அதலபாதாளத்தில் விழுந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே காற்று அமெரிக்காவில் நகாஷிமாவின் வேலையையும் அடித்துக்கொண்டு போனது. அவர் தம் காடியை விற்றார். அந்தப் பணத்தில் உலகைச் சுற்றிவரக் கப்பல் டிக்கெட்டு வாங்கினார். பாரிசில் சில காலம் தங்கிவிட்டு, கடைசியில் பெற்றோரின் நாடாகிய ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே தோக்கியோவில் அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் இருந்தார். செக் நாட்டில் பிறந்து அமெரிக்கராகி, ஜப்பானில் தொழில் நடத்தியவர். 1934இல் நகாஷிமா அவருடைய அலுவலகத்தில் சேர்ந்தார். இந்த ரேமண்ட் பெயரை மறந்துவிடாதீர்கள். பின்னால் ஓர் இக்கட்டான நேரத்தில் இவர் மறுபடியும் வருவார்.

புதுச்சேரியில் கிடைத்த பெயர்

புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்குள்ள ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில், அன்பர்கள் தங்குவதற்கு ஒரு பெரிய விடுதி கட்டும் வேலை ரேமண்ட் நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஹைதராபாத் நிஜாம் அரசு வழியாக நன்கொடை வந்ததால் அந்தக் கட்டடத்துக்கு ‘கோல்கொண்டா’வை நினைவூட்டும் பெயரை வைத்தார்கள். வேலையை முன்னின்று பார்க்க 1930களின் பிற்பகுதியில் நகாஷிமா புதுச்சேரி வந்தார்.

கம்பி கட்டிக் காங்கிரீட் ஊற்றிக் கட்டுவது இந்தியாவில் அப்போது புதிய வேலை. அப்படி எழுந்த முற்காலக் கட்டடங்களில் இதுவும் ஒன்று. இதில் வழக்கமான சன்னல்கள் கிடையாது. வடக்கு, தெற்குப் பக்கச் சுவர் முழுவதும் கிடைமட்டமான பலகைகள் அடுக்கடுக்காக இருக்கும். வேண்டும்போது திருப்பித் திறக்கலாம். மழை அடித்தால் மூடலாம். அறைக் கதவுகள் தேக்குச் சட்டங்களால் ஆனவை. மூடியிருந்தாலும் இடுக்கு வழியே காற்று போய்வரும். மின்விசிறி இல்லாமலேயே வெயில் ஊரில் குளிர்ச்சியான வீடு! நம் நாட்டுப் பலகை வீடுகளில் கூரைக்குக் கீழே காற்றுப் போக இடைவெளி விடுவதை நினைத்தால் இந்தச் சூட்சுமம் எளிதில் விளங்கும்.

கட்டியவர்களில் பலர் ஆசிரமத்து ஆட்களே. பொருளை வீணாக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அன்பர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுக்கான பிடிகளை வார்த்தார்கள் என்று சொல்வார்கள். இந்தச் சூழல் நகாஷிமாவுக்குப் பிடித்துப்போயிற்று. சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர்களில் ஒருவராகவே வாழ்ந்தார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். அழகில் இன்பம் காண்பவன் என்பது பொருள். விடுதிக்கான மரச் சாமான்களையும் அவர் அங்கே வடிவமைத்தார். பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய தச்சருக்குத் தொடக்க வேலைகளில் ஒன்று நம் மொழி பேசும் மண்ணில்தான் நடந்தது என்பது நமக்கு ஒரு மகிழ்ச்சி அல்லவா?

1939இல் அவர் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். உலகத்தில் போர் மேகம் கவிந்திருந்தது. மறுபடியும் ஜப்பான் சென்றார். அங்கே மேரியன் ஒக்காஜிமா என்ற அமெரிக்க ஜப்பானியப் பெண்ணைச் சந்தித்தார். இருவரும் அமெரிக்கா திரும்பி 1941இல் திருமணம் செய்துகொண்டார்கள்.

முதல் பட்டறையும் 1942உம்

சியாட்டல் நகரில் நகாஷிமா குடியேறினார். அவர் கண்ட அன்றைய அமெரிக்கக் கட்டட வேலை அவருக்கு மனநிறைவு தரவில்லை. தலையிலிருந்து கால்வரை தாமே செய்து முடிக்கக்கூடிய தொழில் வேண்டும் என்று தேடினார். மரவேலைதான் அது என்று முடிவு கட்டினார். இரண்டு பட்டம் பெற்றவர் தச்சராகப் போகிறேன் என்றால் ஊர் என்ன சொல்லும்? "இதுக்கா இம்புட்டு படிச்ச?" என்றுதானே கேட்கும்! அவர் அதற்கெல்லாம் காது கொடுக்கவில்லை. ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் சிறுவர் மன்றம் ஒன்றை நடத்தி வந்தார். அதன் கீழ்த்தளத்தில் பட்டறை போட இடம் கொடுத்தார். வாடகை கிடையாது, பதிலுக்குப் பையன்களுக்கு மரவேலை சொல்லிக் கொடுக்க வேண்டும். அதுதான் நகாஷிமாவின் முதல் பட்டறை.

அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அதே டிசம்பரில்தான் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. ‘ஜப்பான்காரன் காலம்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி நாம் வளர்ந்த அந்தக் கொடுங்காலம் தொடங்கியது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிடித்த குடும்பங்கள் எத்தனை! சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத தோட்டத் தமிழர்கள் எத்தனை ஆயிரம்!

சிங்கப்பூர் வீழ்ந்த நான்காம் நாள், பிப்ரவரி 19ஆம் தேதி, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன் எண் 9066. அந்த ஆணையைக் கொண்டு, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய இரத்தம் உள்ளவர்களை எல்லாம் வீட்டைவிட்டு வெளியேற்றி முகாம்களில் அடைத்தார்கள். ஏறக்குறைய 1,20,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கடை, வயல், வீடு எல்லாம் போயிற்று. நகாஷிமாவின் பட்டறையும் போயிற்று. அப்போது அவருடைய மகள் மீரா பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஜப்பானியப் படை நம் மக்களுக்குச் செய்த கொடுமையை யாரும் மறக்க முடியாது, மறக்கவும் கூடாது. ஆனால் அதே ஆண்டில், ஜப்பானியர் முகம் இருந்த ஒரே காரணத்துக்காக ஒரு தச்சரும் கைக்குழந்தையும் சிறைப்பட்டார்கள். ஒரு கூட்டம் செய்த குற்றத்துக்கு அதே இனத்தில் பிறந்த எல்லாரையும் பழி சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. பல இனம் கலந்து வாழும் நாட்டில் உள்ள நமக்கு இது தேவையான பாடம்.

முள்வேலிக்குள் ஒரு குரு

நகாஷிமா குடும்பத்தை ஐடஹோ மாநிலத்தில் உள்ள மினிடோக்கா முகாமுக்கு அனுப்பினார்கள். வறண்ட பாலை. கோடையில் சுட்டெரிக்கும் வெயில், குளிர்காலத்தில் உறைபனி, எப்போதும் புழுதி. பலகையும் தார்த்தாளும் வைத்து அவசரமாகக் கட்டிய நீண்ட கொட்டகைகள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. குளிக்கவும் சாப்பிடவும் பொது இடம். நம் பழைய தோட்டத்து லயங்களைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. லயத்தைச் சுற்றி முள்வேலியும் காவல் கோபுரமும் இருந்தால் எப்படியோ, அப்படி. முகாமில் 9,000 பேருக்கும் மேல் அடைபட்டிருந்தார்கள்.

அங்கேதான் ஜெந்தாரோ ஹிகோகாவா என்ற தச்சரை நகாஷிமா சந்தித்தார். அவர் ஜப்பானில் முறையாகத் தொழில் கற்றவர். நகாஷிமாவிடம் பட்டம் இருந்தது. ஹிகோகாவாவிடம் கைத்திறன் இருந்தது. பட்டம் பெற்றவர் கைத்திறன் உள்ளவரைக் குருவாக ஏற்றுக்கொண்டார். முப்பத்தேழு வயதில், சின்னப் பையன்போல் பக்கத்தில் நின்று கருவியைத் தீட்டுவதிலிருந்து கற்றார்.

ஜப்பானியத் தச்சு முறையில் ஒரு வேடிக்கை உண்டு. வாளைத் தள்ளும்போது அறுப்பது நாம் வழக்கமாகப் பார்ப்பது. ஜப்பானிய வாளோ தன் பக்கம் இழுக்கும்போது அறுக்கும். அதனால் தகடு மெல்லியதாக இருக்கலாம், கோடு பிசகாது. இழைப்புளியையும் தன் பக்கம்தான் இழுப்பார்கள். நன்றாகத் தீட்டிய இழைப்புளியில் வரும் சீவல் வெங்காயச் சருகுபோல் மெல்லியதாக இருக்கும். இரண்டு கட்டைகளைச் சேர்க்க ஆணியை நம்ப மாட்டார்கள். ஒன்றில் துளை, மற்றதில் கழுந்து. இரண்டும் தலைமயிர் நுழையாத அளவுக்குப் பொருந்த வேண்டும். நம் கோயில் தேர் செய்யும் ஆசாரிகளும் இந்த வித்தையை அறிந்தவர்களே.

மரத்துக்கு எங்கே போவது? கொட்டகை கட்டி மிஞ்சிய துண்டுப் பலகைகள் கிடந்தன. பாலையில் முறுக்கி வளர்ந்த புதர்க் கட்டைகள் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி வந்து, அறைகளில் குடியிருப்பவர்களுக்கு உதவும் சாமான்கள் செய்தார்கள். நல்ல பலகை கிடைக்காததால், இருக்கும் கட்டையின் வளைவையும் முடிச்சையும் பார்த்து அதற்கு ஏற்ற வேலை செய்யப் பழகினார்கள். இல்லாமையில் பழகிய அந்தக் கண்தான் பின்னால் நகாஷிமாவின் பெரிய மூலதனம் ஆயிற்று.

கோழிப் பண்ணையிலிருந்து கூடாரத்துக்கு

மேற்குக் கரையை விட்டு விலகி, வெளியே ஒருவர் பொறுப்பேற்று வேலையும் கொடுத்தால், முகாமிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று ஒரு வழி இருந்தது. தோக்கியோவில் முதலாளியாக இருந்த அந்தோனின் ரேமண்ட் அப்போது அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ ஹோப் என்ற ஊரில் பண்ணை வைத்திருந்தார். அவர் முன்வந்து பொறுப்பேற்றார். 1943இல் நகாஷிமாவும் மனைவியும் குழந்தையும் வெளியே வந்தார்கள். ஆபத்தில் கை கொடுத்தவரை வரலாறு நன்றியோடு நினைக்கிறது.

வந்த இடத்தில் அவருக்கு என்ன வேலை தெரியுமா? கோழி வளர்ப்பு! ரேமண்ட் அரசாங்கக் கட்டட வேலைகளை எடுத்திருந்தார். அதில் ஜப்பானிய வம்சத்தவரைச் சேர்க்கக் கூடாது. எனவே மேற்பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர் கோழிக்குத் தீனி போட்டார். வெட்கப்படவில்லை. ஓய்வு நேரத்தில் மரவேலையை விடவும் இல்லை. ஓராண்டு போனதும் பக்கத்தில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்து, அதோடு சேர்த்துப் பட்டறையை மீண்டும் தொடங்கினார்.

சொந்த இடம் வேண்டுமே! கையில் பணம் இல்லை. அக்குவெட்டோங் என்ற சாலையோரம், தெற்குப் பார்த்த சரிவில் ஒரு துண்டு நிலம் பிடித்திருந்தது. காசுக்குப் பதில் தச்சு வேலை செய்து தருகிறேன் என்று பேசி அந்த மூன்று ஏக்கரை வாங்கினார். உழைப்பையே நாணயமாக எண்ணிக் கொடுத்த மனிதர் அவர்.

1946இல் கட்டத் தொடங்கினார். முதலில் எதைக் கட்டினார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான செய்தி. குடும்பம் கூடாரத்தில் இருந்தது. வீட்டை அல்ல, பட்டறையைத்தான் முதலில் எழுப்பினார்! "பச்சப் புள்ளையை வெச்சுக்கிட்டு இப்படி ஒரு பைத்தியமா?" என்று நம் பாட்டிமார் கேட்டிருப்பார்கள். ஆனால் கணக்கு சரியானது. பட்டறை இருந்தால் வீட்டுக்கு வேண்டிய கதவு, நிலை, சட்டம் எல்லாம் அங்கேயே செய்துகொள்ளலாம். வேலை எடுத்து அரிசிக்கும் சம்பாதிக்கலாம். பட்டறை முடிந்த பிறகு, அதன் கையால் வீடு எழுந்தது. நிலத்தில் கிடந்த கல்லைப் பொறுக்கிச் சுவர் வைத்தார். மரத்தை அளந்து அளந்து வாங்கினார். குளிரூரில் வெயில் மிக அருமையான பொருள் என்பதால், குளிர்காலச் சூரியன் உள்ளே வரும்படி தெற்கில் பெரிய கண்ணாடி வைத்தார்.

அந்தப் பட்டறையில் வேலை நடந்த விதம்

மாணவர்களே, இனி வருவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். மரம் எப்படி மேசை ஆகிறது என்று பலருக்குத் தெரியாது.

வெட்டிய மரத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும். அதை உடனே பலகையாக்கிச் சாமான் செய்தால், காயும்போது சுருங்கும், முறுக்கும், வெடிக்கும். நீளவாக்கில் மரம் அதிகம் சுருங்காது; அகலவாக்கில்தான் சுருங்கும். ஆகவே முதல் வேலை உலர்த்துவது. ஒரே மரத்தில் அறுத்த பலகைகளை, அறுத்த வரிசை மாறாமல், இடையில் சிறு குச்சிகளை வைத்து அடுக்குவார்கள். குச்சி வைத்தால்தான் நடுவே காற்றுப் புகும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு காற்றில் உலர வேண்டும் என்பது பழைய தச்சர்களின் கணக்கு. நகாஷிமா பெரிய மரங்களை அறுக்கும்போது தாமே முன்னே நின்று, எந்தக் கோணத்தில் வாளை விடுவது என்று முடிவு செய்வார். வைரம் அறுப்பவர் முதல் வெட்டுக்கு முன் யோசிப்பதைப் போல. பின்னர் அந்தப் பலகைகள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும். எந்த மரம் எதற்கு என்று பார்த்துப் பார்த்து எடுப்பார்.

தொடக்கத்தில் முதல்தரப் பலகை வாங்க அவரிடம் பணமில்லை. மற்றவர்கள் தள்ளிவிட்ட, முடிச்சு விழுந்த, வெடிப்பு உள்ள பலகைகளை மலிவாக வாங்கினார். வெடிப்பு மேலும் விரியாமல் இருக்க என்ன செய்வது? வெடிப்பின் குறுக்கே, நடுவில் ஒடுங்கி இரு பக்கமும் விரிந்த ஒரு கட்டையைப் பதித்தார். பார்த்தால் பட்டாம்பூச்சி இறக்கை விரித்தது போலிருக்கும். இரண்டு பக்கமும் அது கவ்விப் பிடித்துக்கொள்வதால் வெடிப்பு நகராது. ஒட்டுப்போட்டதை மறைக்காமல் எல்லாரும் பார்க்கும்படி வைத்தார். அதுவே அவருடைய வேலைக்கு அடையாளமாகிவிட்டது! பலகையின் ஓரத்தையும் நேராகச் சீவ மாட்டார். மரம் வளர்ந்தபோது எப்படி வளைந்ததோ, அந்த விளிம்பை அப்படியே விடுவார்.

பெரிய பலகைகளை அறுக்கவும் மட்டம் பண்ணவும் இயந்திரம் உண்டு. பொருத்துவதும் மெருகேற்றுவதும் கைவேலை. பளபளக்கும் கெட்டிப் பூச்சை விட, எண்ணெயைத் துணியில் தொட்டுப் பல தடவை தேய்த்து, மரத்தின் ரேகை தெரியும்படி முடிப்பதே அவர் வழக்கம். வாங்குபவரின் பெயரைப் பலகையில் எழுதிவிடுவார். ‘இந்த மரம் இந்த வீட்டுக்கு’ என்று பெண் கொடுப்பது போல!

கட்டி முடித்த தோப்பு

சிறு பட்டறையாகத் தொடங்கிய இடம் மெல்ல மெல்ல வளர்ந்தது. கையில் பணம் சேரும்போதெல்லாம் ஒரு கட்டடம் சேர்த்தார். பலகை அடுக்கும் கொட்டகை, காட்சிக்கூடம், மெருகேற்றும் அறை என்று ஒவ்வொன்றாக எழுந்தன. 1950களின் பிற்பகுதியில் ‘கோனாய்டு’ பட்டறையைக் கட்டினார். அதன் கூரை மெல்லிய காங்கிரீட்டால் ஆனது. அலை அலையாகச் சிப்பி ஓடுபோல் வளைந்திருக்கும். உள்ளே நடுவில் தூணே கிடையாது. 1967இல் கலைக்கூடம் ஒன்றும், 1970களில் விருந்தினர் வீடும் எழுந்தன. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர் கட்டிக்கொண்டே இருந்தார். ஒரே நாளில் எல்லாம் வேண்டும் என்று கடன் வாங்கித் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் செய்த நாற்காலியும் மேசையும் உலகப் புகழ் பெற்றன. 1970களில் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் மாளிகைக்கு 200க்கும் அதிகமான சாமான்கள் அங்கிருந்து போயின. 1964இல் இந்தியாவுக்கு வந்து, அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்திலும் தச்சர்களோடு வேலை செய்தார். 1983இல் ஜப்பான் அரசு அவருக்கு விருது வழங்கியது.

1980களில் மிகப் பெரிய வால்நட் மரம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதன் இரண்டு பெரும் பலகைகளைப் பட்டாம்பூச்சிக் கட்டையால் இணைத்து, உலக அமைதிக்கான பீடம் ஒன்றைச் செய்தார். கண்டத்துக்கு ஒன்றாக இப்படிப் பீடங்கள் வைக்க வேண்டும் என்பது அவர் கனவு. முதல் பீடம் 1986இல் நியூயார்க்கின் ஒரு பெரிய தேவாலயத்தில் வைக்கப்பட்டது. அவர் மறைந்த பின் 1996இல் ஒரு பீடம் எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள ஆரோவில்லில்! சுந்தரானந்தாவின் கனவு, அவருக்குப் பெயர் கொடுத்த மண்ணுக்கே திரும்பி வந்தது.

முள்வேலியின் கணக்கும் ஒருவாறு தீர்ந்தது. 1988 ஆகஸ்டு 10ஆம் தேதி அமெரிக்க அதிபர் ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். முகாம்களில் அடைத்தது அநீதி என்று அரசே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் வழங்கவும் ஏற்பாடாயிற்று. அப்போது நகாஷிமாவுக்கு வயது 83. நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பு! மினிடோக்கா முகாம் இருந்த இடத்தை இன்று தேசிய வரலாற்றுத் தலமாகப் பாதுகாக்கிறார்கள்.

1990 ஜூன் மாதம் நகாஷிமா மறைந்தார். "அவரே போயிட்டாரு, இனி என்ன பட்டறை?" என்று கொடுத்த ஆர்டரைத் திரும்பப் பெற்றவர்கள் உண்டு. ஆனால் மகள் மீரா விடவில்லை. முகாமுக்குக் கைக்குழந்தையாகப் போன அதே மீராதான்! கட்டடக் கலை படித்து, 1970 முதல் தந்தையோடு வேலை செய்தவர். தந்தை சேர்த்து வைத்திருந்த பலகைகளும், அவர் பழக்கிய தச்சர்களும் இருந்தார்கள். அவர் பொறுப்பேற்றுப் பட்டறையைக் காப்பாற்றினார். 2014இல் அமெரிக்க அரசு அந்தப் பட்டறையையும் வீட்டையும் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஒரு காலத்தில் சந்தேகப்பட்டுச் சிறை வைத்த அதே அரசு!

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

நம் தோட்டங்களில் ஓர் ஆசாரி இருப்பார். லயத்துக் கதவு விழுந்தால் அவர். பள்ளிக்கூடத்துப் பெஞ்சு ஆடினால் அவர். கோயில் திருவிழாவுக்குப் பந்தலும் தேரும் என்றால் அவர். கல்யாணம் முதல் கருமாதி வரை அவர் கை படாத காரியம் இல்லை. அவருடைய பெயரை எந்த மலரிலும் யாரும் எழுதியதில்லை.

"நீயாச்சும் படிச்சி ஒரு ஆபிஸ்ல உக்காரணும்பா" என்று நம் பெற்றோர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு அந்த ஏக்கம் இருக்காதா? படிப்புத்தான் நம்மை மேலே தூக்கியது. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் படித்தவனுக்குக் கைவேலை கேவலம் என்ற எண்ணம் மட்டும் நமக்கு வேண்டாம். நகாஷிமாவின் படிப்பை முகாம் அதிகாரிகள் மதிக்கவில்லை. வெளியே வந்தபோதும் அந்தப் பட்டம் அவருக்குச் சோறு போடவில்லை. ஹிகோகாவாவிடம் கற்ற உளி வேலைதான் சோறு போட்டது. அதே நேரம், படித்த கட்டடக் கலையும் காட்டியலும் இல்லாவிட்டால் அந்த உளி இவ்வளவு தூரம் போயிருக்காது. புத்தகமும் கையும் சேர்ந்தால்தான் முழு மனிதன்.

நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. பால் வற்றிய ரப்பர் மரத்தை முன்பெல்லாம் விறகாகத்தான் எரித்தோம். வெட்டினால் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், வண்டு துளைக்கும் என்று யாரும் அதைச் சீண்டவில்லை. உடனடியாக மருந்தேற்றி உலர்த்தும் முறையை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். 1980களிலிருந்து அதே விறகு மேசையாகி, நாற்காலியாகி, கப்பலேறி வெளிநாடு போகிறது. நம் முன்னோர் நட்டு வளர்த்த மரம் அது! வேண்டாம் என்று ஒதுக்கியதில் வேலைக்கு ஆகும் பொருள் இருக்கிறது என்பதை நகாஷிமாவின் வெடித்த பலகையும் சொல்கிறது, நம் ரப்பர் மரமும் சொல்கிறது.

பெற்றோர்களே! வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கி, ஒரு மேசை போட்டு, நாலு கருவிகளைச் சுவரில் மாட்டி வைத்தால் அதுவும் ஒரு பட்டறைதான். பெரிய செலவில்லை. மழைச் சாரல் படாத இடமாக இருக்கட்டும். பகல் வெளிச்சம் வேலை செய்யும் மேசைமேல் விழட்டும். பலகையைத் தரையில் போடாமல் உயர்த்தி அடுக்குங்கள், கறையான் ஏறாது. உடைந்த நாற்காலியைப் பிள்ளையோடு சேர்ந்து செப்பனிடுங்கள். ஆண் பிள்ளைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்; நகாஷிமாவின் பட்டறையைக் காத்தது அவர் மகள்.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிறவர்களுக்கு என் வாழ்த்து. பரிசு கிடைக்காதவர்களுக்கு ஒரு சொல். நாற்பத்தொரு வயதில், கூடாரத்தில் குடும்பத்தை வைத்துக்கொண்டு, கடன்பட்ட நிலத்தில் முதல் கல்லை வைத்தவரின் கதையை இப்போது படித்தீர்கள். அவருக்கு அன்று கை தட்ட யாரும் இல்லை. அவர் வைத்த கல் இன்னும் நிற்கிறது. உங்கள் கையிலும் ஒரு வேலை இருக்கட்டும். அதைச் சுத்தமாகச் செய்து முடியுங்கள்.

வாழ்க உழைப்பு! வளர்க நம் தமிழ்ப்பள்ளி!